எண் ஏறினால் நீலம் ஏறும்

பிள்ளைகளே, காவிரித் தண்ணீர் பாயும் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் நாளிதழ் வந்ததும் வீட்டுப் பெரியவர்கள் முதலில் தேடுவது ஒரு குட்டிப் பெட்டிச் செய்தியைத்தான். மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, நீர் இருப்பு இத்தனை டி.எம்.சி. என்று அதில் அச்சாகியிருக்கும். 1934-ல் கட்டி முடித்த அந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. வழக்கமாக ஜூன் 12-ம் தேதி அங்கே மதகு திறந்தால்தான் காவிரி டெல்டாவில் குறுவை நெல் வேலை மும்முரமாகும். நாற்றங்கால் விடலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று என் அப்பா அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

அப்பாவுக்கு இப்போது பார்வை கொஞ்சம் மங்கல். மூக்குக் கண்ணாடியைத் தேடி, தாளை வெளிச்சத்தில் பிடித்து, எண்ணைக் கண்டுபிடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும். விடுமுறைக்கு வந்திருந்த என் அக்கா மகள் இதை இரண்டு நாள் பார்த்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மூன்றாம் நாள் என்னிடம் வந்தாள்.

"மாமா, தாத்தா பார்த்த உடனே புரியிற மாதிரி கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் செய்யலாமா? ஒரு தொட்டி இருக்கணும். அணையில தண்ணி ஏறினா தொட்டியிலயும் நீலம் ஏறணும். அணையில தண்ணி இறங்கினா இங்கயும் இறங்கணும்."

அந்தப் பக்கத்தை அவள் எப்படிச் செய்தாள், எங்கெங்கே தடுக்கி விழுந்தாள், எப்படி எழுந்தாள் என்பதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். படித்து முடித்ததும் நீங்களும் இதைச் செய்யலாம். ஒரு கணினி போதும். இணைய இணைப்புகூடத் தேவையில்லை.

மூன்று கேள்விகள்

நீங்கள் திறக்கும் எந்த இணையப் பக்கமும் மூன்று கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்கிறது. பக்கத்தில் என்ன இருக்கிறது? அது எப்படித் தெரிய வேண்டும்? எப்போது மாற வேண்டும்?

முதல் கேள்விக்கு எச்.டி.எம்.எல். பதில் சொல்கிறது. இங்கே ஒரு தலைப்பு, இங்கே ஒரு படம், இங்கே ஒரு பெட்டி என்று அது பட்டியல் போடும். பக்கத்தில் இருக்கும் இந்த ஒவ்வொன்றுக்கும் 'உறுப்பு' என்று பெயர். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்ன் என்ற பெரிய இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் உலகளாவிய வலை என்ற யோசனையை எழுதிக் கொடுத்தார். எச்.டி.எம்.எல்.லும் அவர் உருவாக்கியதுதான்.

இரண்டாம் கேள்விக்கு சி.எஸ்.எஸ். பதில் சொல்கிறது. பெட்டியின் அகலம், உயரம், நிறம், எழுத்தின் அளவு இவையெல்லாம் அதன் பொறுப்பு. இவற்றைப் 'பாணி' என்று சொல்வோம். இந்த யோசனையை 1994 அக்டோபர் 10-ம் தேதி வெளியிட்டவர் ஹாக்கோன் வியும் லீ என்ற நார்வேக்காரர். அவரும் அப்போது செர்னில்தான் இருந்தார். நெதர்லாந்தைச் சேர்ந்த பெர்ட் போஸ் அவரோடு சேர்ந்தார். 1996 டிசம்பரில் அதன் முதல் பதிப்பு முறையான பரிந்துரையாக வெளிவந்தது.

மூன்றாம் கேள்விக்கு ஜாவாஸ்கிரிப்ட் பதில் சொல்கிறது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். முதலில் மோக்கா என்று பெயர். பிறகு லைவ்ஸ்கிரிப்ட் ஆனது. அந்த ஆண்டு டிசம்பரில் இன்றைய பெயர் வந்தது. பெயரில் ஜாவா இருந்தாலும் ஜாவா என்ற நிரல்மொழி வேறு, இது வேறு.

என் அக்கா மகள் முதல் நாள் எச்.டி.எம்.எல்.லும் சி.எஸ்.எஸ்.ஸும் மட்டும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். 300 புள்ளி (பிக்சல்) உயரத்தில் ஒரு வெற்றுப் பெட்டி. அதுதான் தொட்டி. அதற்குள்ளே இன்னொரு பெட்டி. அதுதான் தண்ணீர். அன்று நாளிதழில் நீர்மட்டம் 90 அடி. 120-ல் 90 என்றால் முக்கால் பங்கு. 300-ல் முக்கால் பங்கு 225. தண்ணீர்ப் பெட்டிக்கு 225 புள்ளி உயரம் கொடுத்தாள். நீல நிறம் கொடுத்தாள். திறந்து பார்த்தால், தண்ணீர் மேலே ஒட்டிக்கொண்டு கீழே காலியாக இருந்தது!

ஏன் தெரியுமா? கணக்கு நோட்டில் வரைபடம் போடும்போது நாம் கீழிருந்து மேலே எண்ணுவோம். இணையப் பக்கம் மேலிருந்து கீழே எண்ணும். நாம் படிப்பதும் மேலிருந்து கீழேதானே? தண்ணீர்ப் பெட்டியின் அடிப்பக்கம் தொட்டியின் அடிப்பக்கத்தோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று பாணியில் தனியாகச் சொன்ன பிறகு தண்ணீர் கீழே இறங்கி உட்கார்ந்தது.

மறுநாள் காலை நீர்மட்டம் 92 அடி. மறுபடி வகுத்து, பெருக்கி, 225-ஐ அழித்து 230 என்று எழுதினாள். அதற்கடுத்த நாளும் அதே வேலை. "தினமும் நானே உட்கார்ந்து கணக்குப் போட்டா, கம்ப்யூட்டர் எதுக்கு மாமா?" என்று கேட்டாள். சரியான கேள்வி. அதற்கு விடைதான் மாறி.

மாறி என்றால் என்ன?

இயற்கணிதத்தில் எக்ஸ், ஒய் என்று எழுதுகிறீர்கள் அல்லவா? நிரலில் வரும் மாறியும் அதற்கு உறவுதான். பெயர் ஒட்டிய ஒரு டப்பா என்று நினைத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் 'துவரம்பருப்பு' என்று எழுதிய டப்பாவில் இன்று அரைக் கிலோ இருக்கும், நாளை கால் கிலோ இருக்கும். பெயர் அதேதான், உள்ளே இருப்பது மாறும்.

இங்கே உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஜாவாஸ்கிரிப்டில் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்! யூனிகோடில் உள்ள தமிழ் எழுத்துகளை அது பெயராக ஏற்றுக்கொள்ளும். பெயருக்கு நடுவே இடைவெளி கூடாது, பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது. முதலில் இந்த இரண்டையும் கவனியுங்கள். அவள் இப்படி எழுதினாள்:

நீர்மட்டம் = 90
முழுமட்டம் = 120
விகிதம் = நீர்மட்டம் ÷ முழுமட்டம் × 100

இதை நீங்கள் நிரலாகத் தட்டும்போது வகுத்தலுக்குச் சாய்கோடும், பெருக்கலுக்கு நட்சத்திரக் குறியும் போட வேண்டும். மாறியை முதன்முதலில் அறிமுகப்படுத்தும் வரியில் முன்னால் 'லெட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். 120 எப்போதும் மாறாது. அதனால் அது மாறிலி. அதற்கு முன்னால் 'கான்ஸ்ட்' என்ற சொல் வரும். மொழிக்குச் சொந்தமான சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். நாம் வைக்கும் பெயர்கள் மட்டும் நம் விருப்பம்.

இனி அவள் மாற்ற வேண்டியது முதல் வரியில் இருக்கும் ஒரே ஓர் எண்ணைத்தான். 90-க்கு விகிதம் 75. 30-க்கு 25. கணக்கைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

ஆனால் டப்பாவில் எண் இருந்தால் மட்டும் நீலம் ஏறிவிடாது. எண்ணைத் தண்ணீர்ப் பெட்டியின் உயரத்தோடு இணைக்க வேண்டும்.

உலாவிக்குள் ஒரு மரம்

குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவிகள் ஒரு பக்கத்தைத் திறந்ததும் அதிலுள்ள உறுப்புகளை எல்லாம் தங்கள் நினைவகத்தில் ஒரு மரமாக அடுக்கிக்கொள்ளும். பக்கம் முழுவதும் அடிமரம். அதிலிருந்து தொட்டி ஒரு கிளை. தொட்டியிலிருந்து தண்ணீர் ஒரு கிளை. நாம் திரையில் பார்ப்பது அந்த மரத்தின் படம்.

ஜாவாஸ்கிரிப்ட் அந்த மரத்தில் ஏறி, பெயர் சொல்லி, ஒரு கிளையைப் பிடிக்கும். பிடித்த பிறகு அந்தக் கிளையின் பாணியை மாற்றும். மரத்தை மாற்றியதும் உலாவி படத்தை மறுபடி வரையும். எழுதும் முறை இப்படி இருக்கும்:

தண்ணீர்.ஸ்டைல்.ஹைட் = விகிதம்

'தண்ணீர் என்ற உறுப்பின், பாணியில் உள்ள, உயரம்' என்று இடமிருந்து வலமாகப் படித்துக்கொள்ளுங்கள். நடுவில் வரும் புள்ளி, நம் பேச்சில் வரும் 'உடைய' போல. ஸ்டைல், ஹைட் இரண்டும் மொழிக்குச் சொந்தமான சொற்கள், அதனால் ஆங்கில எழுத்தில் வரும்.

இப்படி உறுப்பின் மேலேயே நேராக எழுதும் பாணிக்கு மதிப்பு அதிகம். பொதுவான பாணிப் பட்டியலில் 'உயரம் 225' என்று இருந்தாலும், உறுப்பின் மேல் எழுதியதைத்தான் உலாவி வழக்கமாகக் கேட்கும். ஆனால் இந்த மாற்றம் உங்கள் உலாவியின் நினைவகத்தில் மட்டும்தான். பக்கத்தை மறுபடி ஏற்றினால் மரம் புதிதாக முளைக்கும், பழைய தோற்றம் வந்துவிடும். அதனால் பயமில்லாமல் சோதித்துப் பார்க்கலாம்.

75 என்ன? அடியா, புள்ளியா?

அவள் பாணிப் பட்டியலில் இருந்த பழைய உயரத்தை அழித்துவிட்டு, மேலே சொன்ன வரியை எழுதினாள். பக்கத்தைத் திறந்தாள். தண்ணீர் இல்லை. தொட்டி காலி. தவறு என்ற அறிவிப்பும் வரவில்லை. அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நான் கேட்டேன்: "கடையில போய் 'பருப்பு 75 கொடுங்க'ன்னு கேட்டா கடைக்காரர் என்ன கொடுப்பார்?"

ஒரு கணம் யோசித்தாள். "75 கிராமா, 75 ரூபாய்க்கான்னு கேப்பார்."

உலாவியின் நிலையும் அதுதான். 75 புள்ளியா, 75 சதவீதமா, 75 எழுத்து உயரமா என்று அதற்குத் தெரியாது. கடைக்காரர் திருப்பிக் கேட்பார். உலாவி கேட்காது. அலகு இல்லாத உயரத்தைச் செல்லாது என்று ஒதுக்கிவிட்டு, சத்தமில்லாமல் அடுத்த வேலைக்குப் போய்விடும்.

மருந்து எளிது. எண்ணோடு அலகை ஒட்ட வேண்டும்:

தண்ணீர்.ஸ்டைல்.ஹைட் = விகிதம் + "%"

மேற்கோள் குறிக்குள் இருப்பது எழுத்துச் சரம். எண்ணும் சரமும் கூட்டல் குறியின் இரண்டு பக்கமும் நின்றால், ஜாவாஸ்கிரிப்ட் அவற்றைப் பூத்தொடுப்பது போல ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்துவிடும். 75 என்ற எண்ணும் சதவீதக் குறியும் சேர்ந்து '75%' ஆகும். தொட்டியில் முக்கால் பங்குக்கு நீலம் நிறைந்தது. அறிவியல் ஆசிரியர் விடைத்தாளில் அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் குறைப்பார் அல்லவா? இங்கே தொட்டியே காலியாகிவிடும்.

நடுவில் ஒரு கோடு

அடுத்து நிறம். பாணிப் பட்டியலில் பின்னணி நிறத்தின் பெயர் இரண்டு ஆங்கிலச் சொற்கள்: பேக்ரவுண்ட், கலர். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறுகோடு இருக்கும். அதை அப்படியே ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால் வேலை செய்யாது. ஏனென்றால் அந்த மொழியில் சிறுகோடு என்றால் கழித்தல். 'பேக்ரவுண்டிலிருந்து கலரைக் கழி' என்று அது புரிந்துகொள்ளும்!

அதனால் ஒரு வழி செய்தார்கள். கோட்டை எடுத்துவிட்டு இரண்டு சொல்லையும் ஒட்டி, இரண்டாம் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக்கினார்கள். நடுவில் மேடாக நிற்கும் அந்த எழுத்து ஒட்டகத்தின் திமில் போலத் தெரிவதால் இந்த எழுத்துமுறைக்கு ஒட்டகப் பெயர். எழுத்தளவு, ஓரக்கோடு, இடைவெளி என்று கோடு வரும் பாணிப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

நிறமும் ஓர் எண்தான்

திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குட்டி விளக்குகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் 0 முதல் 255 வரை, ஆக 256 படிகளில் கூட்டிக் குறைக்கலாம். 256-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். 1,67,77,216 நிறங்கள்!

நிறத்தைச் சொல்ல இன்னொரு வழியும் உண்டு. அதில் நிறங்களை ஒரு வட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். 0 பாகையில் சிவப்பு. 60-ல் மஞ்சள். 120-ல் பச்சை. 180-ல் நீலப்பச்சை. 240-ல் நீலம். 300-ல் மெஜந்தா. 360-ல் மறுபடி சிவப்பு. இந்தப் பாகையோடு, நிறம் எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வெளிச்சம் என்று இரண்டு சதவீதங்களையும் சேர்த்துச் சொன்னால் நிறம் கிடைத்துவிடும்.

வட்டத்தைத் தாளில் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று துள்ளினாள். "மாமா, அணை 120 அடி. நீலம் 240 பாகை. ரெண்டால பெருக்கினாப் போதும்!"

நீங்களும் போட்டுப் பாருங்கள். அணை நிறைந்து 120 அடி என்றால் 240 பாகை, நல்ல நீலம். 60 அடி என்றால் 120 பாகை, பச்சை. 30 அடி என்றால் 60 பாகை, மஞ்சள். அதற்கும் கீழே போகப் போக ஆரஞ்சாகிச் சிவப்பை நெருங்கும். தண்ணீர் குறையக் குறைய நிறமே எச்சரிக்கும். நீர்மட்டத்தை இரண்டால் பெருக்கிப் பாகை ஆக்கினாள். அதைப் பின்னணி நிறத்தில் சேர்த்தாள். 90 அடிக்குத் தொட்டியில் நீலப்பச்சை மின்னியது.

உயரம், நிறம், மேலே எழுதியிருக்கும் '90 அடி' என்ற வாசகம் ஆகிய மூன்றும் இப்போது ஒரே மாறியிலிருந்து பிறக்கின்றன. இந்த மூன்று வேலையையும் ஒரு கட்டாகக் கட்டி, அந்தக் கட்டுக்குக் 'காட்டு' என்று பெயர் வைத்தாள். எண்ணை மாற்றிவிட்டு 'காட்டு' என்றால், மூன்றும் சேர்ந்து மாறும்.

அணையில் 901 அடி!

தினமும் நிரலைத் திறந்து எண்ணை மாற்றுவதைவிட, பக்கத்திலேயே ஒரு கட்டம் வைத்து அதில் எண்ணைத் தட்டச் சொல்லலாம் என்று நினைத்தாள். கூடவே 'ஓர் அடி கூட்டு' என்று ஒரு பொத்தானும் வைத்தாள். கட்டத்தில் 90 என்று தட்டினாள். சரியாக வந்தது. பொத்தானை அழுத்தினாள். தண்ணீர் தொட்டியை உடைத்துக்கொண்டு பக்கத்தின் உச்சிக்கு மேலே போய்விட்டது. நிறமோ இரத்தச் சிவப்பு. மேலே '901 அடி' என்று எழுதியிருந்தது.

என்ன நடந்தது? கட்டத்தில் நாம் தட்டுவதை எல்லாம் உலாவி எழுத்துச் சரமாகத்தான் கொடுக்கும். 90 என்பது தொண்ணூறு இல்லை. ஒன்பது, சுழியம் என்ற இரண்டு எழுத்து. அதோடு 1-ஐக் 'கூட்டினால்' பூத்தொடுக்கும் வேலை நடக்கிறது. 90, 1 இரண்டும் சேர்ந்து 901! சற்று முன் சதவீதக் குறியை ஒட்டிக் கொடுத்து உதவிய அதே கூட்டல் குறிதான் இங்கே காலை வாரியது.

நிறம் ஏன் சிவப்பானது என்று கண்டுபிடிக்க அவள் தாளும் பேனாவும் எடுத்தாள். 901-ஐ இரண்டால் பெருக்கினால் 1802. நிறவட்டத்தில் ஒரு சுற்று 360 பாகை. ஐந்து சுற்றுக்கு 1800. மீதி 2 பாகை. 2 பாகை என்றால் சிவப்புக்குப் பக்கத்து வீடு. தவறிலும் கணக்கு பிசகவில்லை பாருங்கள்!

பெருக்கலும் வகுத்தலும் வந்தால் ஜாவாஸ்கிரிப்ட் சரத்தை எண்ணாக மாற்றிக்கொள்ளும். கூட்டலில்தான் ஒட்டிவிடும். அதனால் கட்டத்திலிருந்து வருவதை முதலிலேயே எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு 'நம்பர்' என்று ஒரு கருவி இருக்கிறது. அவள் அதைச் சேர்த்தாள். கூடவே ஒரு காவலும் போட்டாள்: எண் 0-க்குக் கீழே இருந்தாலோ 120-க்கு மேலே இருந்தாலோ படம் வரையக் கூடாது, 'எண்ணைச் சரிபாருங்கள்' என்று சொல்ல வேண்டும்.

பாணிக்குள்ளேயே ஒரு மாறி

வேலை முடிந்தது என்று நினைத்தோம். அப்போது அவளுக்குப் புதிய ஆசை. தலைப்பின் நிறமும், தொட்டியின் ஓரக்கோடும்கூட நீர்மட்டத்தோடு சேர்ந்து மாற வேண்டும். 'காட்டு' கட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிக்கொண்டே போனால் அது அனுமார் வால் மாதிரி நீளும்.

இதற்கு சி.எஸ்.எஸ்.ஸிலேயே ஒரு வசதி இருக்கிறது. பாணிப் பட்டியலுக்குள்ளும் மாறி வைக்கலாம். பெயருக்கு முன்னால் இரண்டு சிறுகோடு போட வேண்டும். இங்கேயும் தமிழ்ப் பெயர் செல்லும்: --நீர்மட்டம்.

இனி ஜாவாஸ்கிரிப்டின் வேலை ஒன்றே ஒன்று. பக்கத்தின் அடிமரத்தில் '--நீர்மட்டம் இன்று 90' என்று ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். அடிமரத்துக்கு ஊற்றிய தண்ணீர் கிளைகளுக்குப் போவதுபோல அந்த எண் எல்லா உறுப்புகளுக்கும் போய்ச் சேரும். பாணிப் பட்டியலில், தொட்டித் தண்ணீர் 'என் உயரம் நீர்மட்டம் வகுத்தல் 120, பெருக்கல் 100 சதவீதம்' என்று தானே கணக்கிட்டுக்கொள்ளும். தலைப்பு 'என் நிறம் நீர்மட்டத்தைப் போல இரண்டு மடங்கு பாகை' என்று வைத்துக்கொள்ளும். நாளைக்குப் பத்து உறுப்புகளைப் புதிதாகச் சேர்த்தாலும் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரிகூடக் கூட்ட வேண்டாம்.

கவனித்தீர்களா? 90 என்ற வெறும் எண்ணை அனுப்புகிறோம், அலகு ஒட்டவில்லை. இப்போது அலகை ஒட்டுவது பாணிப் பட்டியலின் பொறுப்பு. எண்ணைச் சொல்பவர் ஒருவர், அதற்கு உருவம் கொடுப்பவர் இன்னொருவர் என்று வேலை பிரிந்துவிட்டது.

கடைசியாக ஓர் அழகு சேர்த்தாள். உயரம் சட்டென்று மாறாமல் ஒரு வினாடி எடுத்துக்கொண்டு மெல்ல மாறட்டும் என்று பாணியில் ஒரு வரி எழுதினாள். நம் வீட்டுத் திரைகள் பெரும்பாலும் வினாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும். ஒரு வினாடியில் ஏறக்குறைய 60 படங்கள்; ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஓர் இழை உயரம். சினிமாவுக்கு வினாடிக்கு 24 படமே போதும் என்பதால், இது நம் கண்ணுக்கு நிஜமாகவே தண்ணீர் ஏறுவது போலத் தெரியும்.

தாத்தா சொன்னது

தாத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடி போடாமலே பார்த்தார். அன்று சோதனைக்காக 100 அடி என்று போட்டிருந்தாள். தொட்டியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலே நீலம்.

தாத்தா சிரித்தார். தட்டிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "நல்லா இருக்கு கண்ணு. ஆனா அடி வேற, தண்ணி வேற. அணை அடியில குறுகல். மேல போகப் போக அகலம். நீ போட்டிருக்கிற தொட்டி மேலயும் கீழயும் ஒரே அகலமா இருக்கே. நூறு அடின்னா இவ்வளவு தண்ணி இருக்காதும்மா."

எங்கள் இருவருக்கும் இது தோன்றவே இல்லை. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. நீர்மட்டம் 100 அடியாக இருக்கும்போது இருப்பு சுமார் 65 டி.எம்.சி.தான். உயரத்தைக் கேட்டால் 83 சதவீதம். தண்ணீரைக் கேட்டால் 70 சதவீதம். மேலே உள்ள கடைசி 20 அடிக்குள் மட்டும் சுமார் 28 டி.எம்.சி. நிற்கிறது! வாய் அகன்ற புனலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், இது உடனே புரியும்.

நிரலில் தவறே இல்லை. அலகு சரி, நிறம் சரி, கணக்கு சரி. ஆனாலும் பார்ப்பவருக்குப் படம் தவறான எண்ணத்தைக் கொடுத்தது. திரையில் தெரியும் தோற்றத்தை நாம் நம்பிவிடுகிறோம். அதனால் தோற்றத்துக்குப் பின்னால் நிற்கும் எண் எதை அளக்கிறது என்று கேட்பது, நிரல் எழுதுபவரின் முதல் கடமை.

அவள் அன்றே இரண்டாவது தொட்டி ஒன்று வைத்தாள். ஒன்றின் மேல் 'நீர்மட்டம்' என்றும் மற்றதன் மேல் 'நீர் இருப்பு' என்றும் எழுதினாள். இரண்டுக்கும் தனித்தனி மாறி. இரண்டு எண்ணும் நாளிதழிலேயே இருக்கின்றன. தொட்டிகளுக்குக் கீழே எண்களைப் பெரிய எழுத்தில் போட்டாள். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். நிறம் மட்டுமே செய்தி சொன்னால் அவர்களுக்கு அது எட்டாது. எண்ணும் கூட இருந்தால் யாருக்கும் குறையில்லை.

இப்போது காலையில் பேத்தி ஊரில் இல்லாவிட்டாலும் பாட்டி நாளிதழைப் பார்த்து இரண்டு எண்களையும் தட்டிவிடுகிறார். தாத்தா காப்பி ஆறுவதற்குள் இரண்டு தொட்டிகளையும் பார்த்துவிடுகிறார்.

செய்து பாருங்கள்

பிள்ளைகளே, இனி உங்கள் முறை. கணினியில் உலாவியைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். பெரும்பாலான கணினிகளில் 'கன்சோல்' என்ற பகுதி கிடைக்கும். 'டாக்குமென்ட், பாடி, ஸ்டைல், பேக்ரவுண்ட்கலர்' இவற்றை ஆங்கிலத்தில் புள்ளி வைத்து இணைத்து, சமக்குறி போட்டு, மேற்கோள் குறிக்குள் 'டொமேட்டோ' என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒட்டக விதியை மறக்காதீர்கள். என்டர் தட்டினால் பக்கத்தின் பின்னணி தக்காளி நிறமாகும். மறுபடி ஏற்றினால் பழையபடி ஆகிவிடும். ஆனால் ஒரு கவனம்: கன்சோலில் நீங்களே எழுதியதை மட்டும் தட்டுங்கள். முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் வரிகளை அங்கே ஒட்டவே கூடாது. அவை உங்கள் கணக்கையே திருடக்கூடும்.

பிறகு உங்கள் வீட்டையும் ஊரையும் சுற்றிப் பாருங்கள். தினமும் யாரோ ஒருவர் காத்திருந்து பார்க்கும் எண் ஒன்று கட்டாயம் இருக்கும். அம்மா பார்க்கும் மின்மீட்டர் அளவாக இருக்கலாம். பள்ளியில் குறித்து வைக்கும் மழை அளவாக இருக்கலாம். மாடித் தொட்டியில் மிச்சமிருக்கும் தண்ணீராக இருக்கலாம். அந்த எண்ணுக்குத் தமிழில் ஒரு நல்ல பெயர் வையுங்கள். அதை ஒரே இடத்தில் வையுங்கள். அதற்கு அலகு கொடுங்கள், உயரம் கொடுங்கள், நிறம் கொடுங்கள். முடித்ததும் அந்த எண்ணை அன்றாடம் பயன்படுத்தும் பெரியவர் ஒருவரிடம் காட்டி, படம் சொல்வது சரியா என்று கேளுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் உங்கள் பக்கம் முடிந்தது.